நோகாத புண், திரும்பி வாற காய்ச்சல்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில மணல் ஈ கடிச்சா மாசக்கணக்கா ஆறாத புண் வரும் எண்டு ஒரு மூலையில சின்னக் குறிப்பு போட்டனாங்கள், அதுக்குப் பிறகு கடிதமும் வட்ஸ்அப்பும் எண்டு வந்து குவிஞ்சு போச்சு. கேள்வியள் வேற வேற எண்டாலும் கனபேர் கேக்கிறது ஒண்டைத்தான், கிருமி உள்ளுக்க வந்தா எங்கட உடம்பு ஏன் அதைக் கொல்லாமல் விடுது எண்டு. இந்த முறை முழுப் பக்கமும் அதுக்குத்தான். ஒண்டு சொல்லி வைக்கிறன், நான் டொக்டர் இல்லை, ஆஸ்பத்திரி லாப்ல மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால குந்தியிருந்து பென்சன் எடுத்த ஆள். ஆனபடியால் என்ன மருந்து எவ்வளவு எண்டு கேட்டவைக்கு இதில பதில் கிடையாது, கோவிக்கக் கூடாது.

கேள்வி: என்ட தம்பி வவுனியாப் பக்கம் றோட்டு வேலையில நிக்கிறான். முழங்கைக்குக் கீழ பரு மாதிரி ஒண்டு வந்து இப்ப நாலு மாசம், நடுவில பொருக்குக் கட்டி சுத்திவரத் தடிச்சுப் போய்க் கிடக்கு. நோகுதுமில்லை கடிக்குதுமில்லை எண்டு கணக்கெடுக்கிறானில்லை. பார்மசியில வாங்கின கிறீம் எல்லாம் பூசியாச்சு. ஆள் நல்ல தேகம், தடிமன்கூட லேசில வராது. அப்பிடியான உடம்பில இது எப்பிடி அழியாமல் நிக்குது? (ஒரு சகோதரி, நெல்லியடி)

பதில்: பிள்ளை, முதல்ல தம்பிய ஒருநாள் லீவு போட்டுட்டு தோல் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம். நோகேல்லை எண்டுதானே அவர் பேசாமல் இருக்கிறார், எங்களுக்கு அந்த நோகாததுதான் முதல் சந்தேகம். சீழ் பிடிக்கிற சாதாரணப் புண் எண்டால் சிவக்கும், சுடும், ராவில நித்திரை கொள்ள விடாது. இது ஒண்டும் செய்யாமல் மெல்ல மெல்லத் தடிச்சுக்கொண்டு போகும். மணல் ஈயால வாற லீஷ்மேனியாசிஸ்தான் எண்டு பாக்காமல் சொல்ல ஏலாது, ஆனா வன்னி, அனுராதபுரம், பொலநறுவை, தெற்கில அம்பாந்தோட்டை, மாத்தறை எல்லாம் இந்த வருத்தம் கிடக்கிற இடங்கள். இலங்கைக்குள்ளேயே தொத்தின முதல் ஆளைப் பற்றி எழுதினது 1992 இல, 2008 இல இருந்து இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்.

லாப்ல என்ன செய்வம் எண்டால், புண்ணின்ட ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டியோ ஊசியால இழுத்தோ எடுத்து, கண்ணாடித் தட்டில தேய்ச்சு காயவிட்டு, மெதனோல் விட்டு, பிறகு கீம்சா சாயம் ஊத்தி எண்ணெய் லென்சில பாப்பம். நல்ல ஸ்லைட் எண்டால் மக்ரோபேஜ் எண்ட பெரிய வெண்குருதிக் கலம் ஒண்டு ஆப்பிடும், அதின்ட கரு ஒரு கரையில ஒதுங்கிக் கிடக்கும், மிச்ச இடமெல்லாம் குட்டிக் குட்டி முட்டை வடிவங்கள், ஒவ்வொண்டும் ரெண்டு மூண்டு மைக்ரோன்தான் வரும். ஒவ்வொண்டுக்குள்ளேயும் ஊதாச் சிவப்பில உருண்டையா ஒரு கரு, அதுக்குப் பக்கத்தில இன்னும் கடும் நிறத்தில ஒரு சின்னக் குச்சி. அந்தக் குச்சியைக் கண்டாத்தான் பொசிட்டிவ் எண்டு எழுதுவம், இல்லாட்டி சாயத் தூளையும் பிளேட்லெட்டையும் பாத்து ஏமாந்து போவம். புதுசா வாற பிள்ளையளுக்கு நான் காட்டிக் குடுக்கிறது வேற ஒண்டு, இத்தினை கிருமியை வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டும் அந்த மக்ரோபேஜ் சாகேல்லை, அதை வடிவாப் பாருங்கோ எண்டு சொல்லுவன்.

உங்கட கேள்விக்குப் பதில் உதுக்குள்ளதான் கிடக்கு. மக்ரோபேஜ் எண்டது கிருமியை விழுங்கிக் கொல்லுறதுக்கெண்டே இருக்கிற கலம். லீஷ்மேனியா எண்ட இந்த ஒட்டுண்ணி குடியிருக்கிறது அதுக்குள்ளேயே. தம்பியின்ட தேகம் நல்லா இருந்தா மக்ரோபேஜும் நல்லா இருக்கும், அப்ப கிருமிக்கும் இருக்க இடம் நல்லா இருக்கும். பகிடி இல்லை, உண்மையாத்தான்.

உள்ளுக்க போற விதத்தையும் கேளுங்கோ. மணல் ஈ நுளம்பை விட எவ்வளவோ சின்னன், சத்தம் போடாது, செட்டை ரெண்டையும் மேல தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கும். நுளம்பு நேர குழாய்க்குள்ள ஊசி ஏத்தும், இது தோலைக் கீறி ஊறுற இரத்தத்தைக் குடிக்கும். கீறின இடத்துக்கு நிமிசக் கணக்கில நியூட்ரோபில் எண்ட வெண்குருதிக் கலங்கள் ஓடி வரும், வந்து ஒட்டுண்ணியையும் விழுங்கும். நியூட்ரோபில்லுக்கு ஆயுசு குறைவு, கெதியாச் செத்துப் போகும், செத்ததைத் துப்புரவாக்கிறது மக்ரோபேஜின்ட வேலை. அப்பிடித் துப்புரவாக்கேக்க அது சண்டைக்கு வெளிக்கிடாது, ஏனெண்டால் உடம்பில ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில கலம் சாகுது, ஒவ்வொண்டுக்கும் வீங்கிச் சிவந்துகொண்டிருந்தா நாங்கள் சீவிக்க ஏலாது. லீஷ்மேனியா செத்த நியூட்ரோபில்லோட சேந்தோ அதுக்குள்ள இருந்து வெளிய வந்தோ அந்த அமைதியான நேரத்தில மக்ரோபேஜுக்குள்ள போயிடும். 2008 இல உயிரோட இருக்கிற எலியின்ட காதுத் தோலில மணல் ஈயைக் கடிக்க விட்டு இதைப் படமே பிடிச்சு வைச்சிருக்கினம்.

இது ஒரு வழி. நேராப் போற வழியும் இருக்கு, அது இன்னும் கெட்டித்தனம். எங்கட இரத்தத்தில கொம்பிளிமென்ற் எண்டு ஒரு கூட்டப் புரதங்கள் இருக்கு, கிருமியின்ட மேல ஒட்டி அதைப் பொத்தல் போடுறது அதுகளின்ட வேலை. லீஷ்மேனியாவின்ட மேல்பக்கம் ஜிபி63 எண்ட நொதியம் ஒண்டு இருக்கு. பொத்தல் போடுற வேலை தொடங்க முதலே ஒட்டின புரதத்தை அது வெட்டி விடும், வெட்டுப்பட்ட துண்டு பொத்தல் போடாது, ஆனா மக்ரோபேஜ் அந்தத் துண்டைப் பிடிச்சுக் கிருமியோட விழுங்கும். அந்த வாசலால போனால் மக்ரோபேஜ் நச்சு ஒட்சிசனைக் கக்கிறதும் குறைவு, மற்றக் கலங்களைக் கூப்பிடுறதும் குறைவு. கொல்ல வந்த புரதத்தை ஏறிப் போற வண்டியா மாத்திப் போடுது!

போனாப் பிறகும் சும்மா இருக்காது. அதே நொதியம் மக்ரோபேஜுக்குள்ள கசிஞ்சு, வெளியில இருந்து வாற 'எழும்பிக் கொல்லு' எண்ட கட்டளையை நடுவழியில அறுத்து விடும். அதால நைத்திரிக் ஒட்சைட் செய்யிறது குறையும். நைத்திரிக் ஒட்சைட்தான் இதுக்கு உண்மையான எமன்.

சென்னைக்கும் இதுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. 1903 இல லீஷ்மன் எண்ட ஆமி டொக்டர், கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம்மில இருந்து இங்கிலாந்துக்கு வந்து செத்த சிப்பாயின்ட மண்ணீரல்ல கண்டதை எழுதினார், அதே வருசம் மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில டொனவன் எண்ட டொக்டரும் கண்டார், ரெண்டு பேரையும் சேத்து லீஷ்மேனியா டொனவானி எண்டு பேர் வைச்சது மலேரியாப் புகழ் ரொனால்ட் றோஸ். பீகாரில ஆளையே கொல்லுற காலா அசார் இந்த இனத்தாலதான் வாறது. எங்கட நாட்டில அதே இனம் பெரும்பாலும் தோலோட நிக்குது, அது எங்கட அதிஷ்டம்.

வைத்தியம் இருக்கு, பயப்பிடாதேங்கோ. அந்திமனி சேந்த மருந்தைப் புண்ணுக்குள்ள ஊசியாப் போடுவினம், இல்லாட்டி திரவ நைதரசனால உறைய வைப்பினம். ஒருக்காப் போனால் முடியாது, கிழமைக் கணக்கில போகோணும். தம்பியோட ஒரே கோப்பையில சாப்பிட்டா தொத்தாது, அப்பிடி ஆரும் சொன்னா கேக்காதேங்கோ. பொழுதுபட்டா நீட்டுக்கை சேட்டுப் போடச் சொல்லுங்கோ, மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில படுக்க வேண்டாம், அந்த ஈரமண்ணும் சாணியும் மணல் ஈக்குச் சரியான விருப்பம்.

கேள்வி: விழுங்கின கிருமியோட லைசோசோம் எண்ட அமிலப் பை வந்து சேந்து சமிக்கச் செய்யும் எண்டு நாங்கள் படிக்கிறம். அப்பிடியெண்டால் எந்தக் கிருமியும் கலத்துக்குள்ள உயிரோட இருக்கக் கூடாதே? (உயிரியல் மாணவி, கொக்குவில்)

பதில்: படிக்கிறது பிழை இல்லை தங்கச்சி, பெரும்பாலான கிருமிக்கு அதுதான் நடக்கிறது. தப்புறவை கொஞ்சப் பேர், அவைதான் எங்களுக்கு வருத்தம் தாறவை. அவை மூண்டு விதமாத் தப்பினம் எண்டு சொல்லலாம், ஆனா சோதனைக்கு எழுதேக்க மூண்டையும் ஒரே அளவில எழுதாதேங்கோ, ஒவ்வொண்டின்ட கதையும் வேற.

லீஷ்மேனியா லைசோசோமைத் தடுக்கிறதே குறைவு. போன புதுசில கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும், அந்த நேரத்துக்குள்ள வாலை உள்ளுக்க இழுத்து உருண்டை வடிவத்துக்கு மாறும், மாறினாப் பிறகு அமிலம் வந்தா வரட்டும் எண்டு இருக்கும். பிஎச் 5 அளவில நாங்கள் கொல்லுற இடம் எண்டு நினைக்கிற அந்தப் பைக்குள்ளதான் சாப்பிட்டுப் பிரிஞ்சு பெருகுது, அந்த அமிலம் இல்லாட்டித்தான் அதுக்குக் கரைச்சல்.

பூனையால பரவுற ரொக்சோபிளாஸ்மா எண்ட ஒட்டுண்ணி அப்பிடி இல்லை. அதை ஒருத்தரும் விழுங்கத் தேவையில்லை, தானே தள்ளிக்கொண்டு போகும், அரை நிமிசத்துக்குள்ள அலுவல் முடிஞ்சிடும். போகேக்க கலத்தின்ட மென்சவ்வைத் தனக்குச் சுத்திக்கொண்டுதான் போகுது, ஆனா அந்த மென்சவ்வில இருக்கிற கலத்தின்ட சொந்தப் புரதங்களை வாசல்லயே வடிகட்டி வெளியில விட்டுட்டுப் போகும். லைசோசோம் எந்தப் பையோட சேரோணும் எண்டு கண்டுபிடிக்கிறது அந்தப் புரதங்களை வைச்சுத்தான். அதுகள் இல்லாத பையைக் கலம் பைக் கணக்கிலேயே எடுக்காது. பேந்து உள்ள இருந்துகொண்டு தன்ட புரதம் ஒண்டைக் கலத்தின்ட கருவுக்கே அனுப்பி, இன்ரபெரோன் காமா (கலங்களைச் சண்டைக்கு எழுப்புற புரதம்) எழுப்பி விடுற மரபணுக்களை மூடி வைக்கும். இந்த இன்ரபெரோன் காமாவை ஞாபகம் வைச்சிருங்கோ, கீழ இன்னொரு கேள்வியிலயும் வரும்.

மூண்டாவது, பையைக் கிழிச்சுக்கொண்டு வெளிய குழியவுருவுக்குள்ள (கலத்தின்ட உள் கூழுக்குள்ள) பாயுறவை. தென்னமெரிக்காவில சாகாஸ் நோய் தாற ரிப்பனோசோமா குறூசி அப்பிடித்தான், லைசோசோம் வந்து சேந்தாப் பிறகு அந்த அமிலத்தையே பாவிச்சுப் பையைப் பொத்தல் போட்டுட்டு வெளிய வரும்.

ரீபி (காசநோய்) கிருமி பக்ரீரியாதான், ஒட்டுண்ணிப் பாடத்தில வராது, எண்டாலும் கேட்டுப் பாருங்கோ, அது லைசோசோம் சேராமல் தடுக்கிற வித்தையில கெட்டிக்காரன். உடம்பு அதைக் கொல்ல ஏலாமல் சுத்திவர வெண்குருதிக் கலங்களால கட்டி மறிச்சு வைச்சிருக்கும், வருசக்கணக்கா.

கேள்வி: 95 இடப்பெயர்வில வன்னிக்குப் போன ஆள் நான். அங்க மலேரியா வந்து குளிசை குடிச்சு மாறி, ரெண்டு மூண்டு மாசத்தில திருப்பி வந்து, இப்பிடியே எத்தினையோ தரம். மருந்து பிழையா, இல்லாட்டி என்ட உடம்பு பிழையா? இப்பவும் எனக்குள்ள கிடக்குமோ எண்டு மனிசி பயப்பிடுறா. (ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர், கொடிகாமம்)

பதில்: ஐயா, அந்த வருசங்களில வன்னியில இருந்த சனத்தில மலேரியா வராத வீடு குறைவு. 1999 இல மட்டும் முழு இலங்கையிலயும் 264,549 பேருக்குக் கண்டுபிடிச்சவை. உங்களுக்கு வந்தது வைவக்ஸ் எண்ட மலேரியா வகை எண்டுதான் நீங்கள் சொல்லுறதை வைச்சு நினைக்கிறன். அதைத் திருப்பி நுளம்பு கடிச்சும் வாங்கியிருக்கலாம், ஆனா கடிக்காமலும் வரும்.

நுளம்பு கடிச்ச உடன மலேரியா இரத்தத்தில பெருகத் தொடங்காது, நேர ஈரலுக்குப் போகும். இது ஈரல்ல இருந்து பெருகுது எண்டு சோர்ட், கார்ணம் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சதே 1948 இலதான், அதுக்கு முதல் ஐம்பது வருசமா எங்க ஒளிக்குது எண்டு தெரியாமலே இருந்தவை. ஈரல் வாசல்ல கிருமியை விழுங்கவெண்டு நிக்கிற கலங்களுக்குள்ளாலேயே இது நுழைஞ்சு மற்றப் பக்கத்தால ஈரல் கலத்துக்குள்ள போயிடும். வைவக்ஸில ஒரு பகுதி அங்க பெருகாமல் நித்திரை கொள்ளும், கிழமைக்கணக்கு மாசக்கணக்கு. உங்களுக்குத் தந்த குளோரோகுயின் இரத்தத்தில நிண்டதைக் கொண்டது, காய்ச்சல் மாறினது, நித்திரையில கிடந்ததுக்கு ஒண்டும் ஆகேல்லை. அதுக்குத்தான் பிரிமாகுயின் எண்டு மற்றக் குளிசை, ரெண்டு கிழமை குடிக்கோணும். காய்ச்சல் மாறின உடன அந்தக் குளிசையை விட்ட ஆக்கள் கனபேர், ஓடித் திரிஞ்ச சனத்துக்கு ரெண்டு கிழமை ஒரு இடத்தில இருந்து குளிசை குடிக்கிறது எண்டால் லேசே? மருந்தும் பிழையில்லை, உடம்பும் பிழையில்லை.

ஈரல்ல இருந்து வெளிய வாறதும் ஒரு கெட்டித்தனம். எலி மலேரியாவில வடிவாப் பாத்திருக்கினம், ஆயிரக்கணக்கில குட்டிகள் சேந்து ஈரல் கலத்தின்ட மென்சவ்வாலேயே தங்களைச் சுத்திக்கொண்டு பொட்டலமா வெளிக்கிடும், பக்கத்தில நிக்கிற தின்கலங்களுக்கு அது எங்கட சொந்தத் துண்டாத்தான் தெரியும்.

பிறகு செங்குருதிக் கலம். இதை விளக்க ஒரு உவமை சொல்லுறன், உங்கட வயது ஆளுக்கு உடன விளங்கும். உடம்பில கரு இருக்கிற ஒவ்வொரு கலமும் தனக்குள்ள என்ன புரதம் செய்யுது எண்டதில துண்டு துண்டா வெளியில ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கோணும், செக்பொயின்ற்ல ஐசியை நீட்டுற மாதிரி, கொலைகார ரீ கலம் (ஒரு வகை வெண்குருதிக் கலம்) ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு போகும், பிறத்தியான் துண்டு தெரிஞ்சா அந்தக் கலத்தையே முடிச்சுவிடும். செங்குருதிக் கலத்துக்குக் கருவும் இல்லை, அந்தக் காட்டுற ஏற்பாடும் இல்லை. அதால அதிட்ட ஐசி கேக்கிறதுமில்லை. மலேரியா போய் இருக்கிறது அதுக்குள்ள.

ஆனா ரீ கலத்திட்டத் தப்பினாலும் மண்ணீரல் இருக்கு. விறைச்சுப்போன, வடிவம் மாறின செங்குருதிக் கலத்தை மண்ணீரல் அரிச்செடுத்து அழிக்கும். மூளைக்கு ஏறுற பல்சிப்பாரம் மலேரியா இதுக்கும் வழி வைச்சிருக்கு, கலத்தின்ட மேல ஒட்டுற புரதம் ஒண்டை ஏத்தி, சின்ன இரத்தக் குழாயின்ட சுவரில ஒட்டிக்கொண்டு மண்ணீரல் பக்கமே போகாது. அந்தப் புரதம் வெளிய தெரியிறதால உடம்பு அதுக்குப் பிறபொருளெதிரி (அன்ரிபொடி) செய்யும். செய்து முடிக்கிற நேரத்தில ஒட்டுண்ணியில கொஞ்சம் வேற புரதத்துக்கு மாறியிருக்கும். கிட்டத்தட்ட 60 மரபணு இதுக்கெண்டே வைச்சிருக்கு, ஒரு நேரத்தில ஒண்டைத்தான் பாவிக்கும். ஆபிரிக்காவில பிள்ளையள் வருசக்கணக்கா திருப்பித் திருப்பி வருத்தம் பட்டுத்தான் கொஞ்சமாவது எதிர்ப்பு வாறது, அதுக்கு இது பெரிய காரணம்.

உங்கட மனிசியிட்டச் சொல்லுங்கோ, வைவக்ஸ் நித்திரை கொள்ளுறது மிஞ்சினால் சில வருசம், உங்களுக்குள்ள இப்பவும் கிடக்க வாய்ப்பில்லை. சான்றிதழுக்கு முதல் இலங்கையில உள்ளூரில தொத்தின கடைசி ஆள் 2012 ஒக்ரோபர், 2016 செப்ரெம்பரில உலக சுகாதார ஸ்தாபனம் மலேரியா இல்லாத நாடு எண்டு சான்றிதழும் தந்திட்டுது. அதே 2016 கடைசியில மன்னார் கிணறுகளில ஸ்ரெபன்சி எண்ட, மலேரியா பரப்புற இந்தியப் பட்டின நுளம்பைக் கண்டுபிடிச்சு, பிறகு யாழ்ப்பாணத்திலயும் கண்டாச்சு. கிணறும் மேல்தாங்கியும் உள்ள ஊர் இது. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்த ஆருக்கும் காய்ச்சல் எண்டால் போய் வந்ததைக் கட்டாயம் டொக்டரிட்டச் சொல்லோணும், இப்பத்தைய இளம் டொக்டர்மார் கனபேர் மலேரியா நோயாளியை வோட்டில கண்டதே குறைவு.

கேள்வி: எதிர்ப்பு சக்தியைக் கூட்டுற பவுடர் ஒண்டு இப்ப பேஸ்புக்கில விக்குது, விலையும் சரியான விலை. அதைக் குடிச்சா உந்தக் கிருமியள் உள்ளுக்க வந்தாலும் அழிஞ்சு போகுமோ? (மானிப்பாய்)

பதில்: காசை மிச்சம் பிடியுங்கோ. இது கூட்டிக் குறைக்கிற றேடியோச் சத்தம் இல்லை.

லாபுகளில ரெண்டு இன எலி இருக்கு, வெள்ளை பல்ப்-சி, கறுப்பு சி57. ரெண்டுக்கும் ஒரே சாப்பாடு, ஒரே கூடு, ஒரே லீஷ்மேனியா மேஜரை ஒரே அளவில ஊசியாப் போடுவினம். கறுப்புக்குப் புண் வந்து தானா ஆறும். வெள்ளைக்கு ஆறாது, பரவிச் சாகும். வெள்ளை எலிக்கு எதிர்ப்பு சக்தி குறைவெண்டா நினைக்கிறியள்? இல்லை, அது பிறபொருளெதிரியை அள்ளிச் செய்யுது. பிறபொருளெதிரி கலத்துக்குள்ள இருக்கிற கிருமிக்குக் கிட்டவே போக ஏலாது, அதால என்ன பிரயோசனம். கறுப்பு எலியின்ட ரீ கலங்கள் இன்ரபெரோன் காமாவை விடும், அது மக்ரோபேஜை எழுப்பும், எழும்பின மக்ரோபேஜ் நைத்திரிக் ஒட்சைட் செய்து தனக்குள்ள கிடக்கிறதைத் தானே கொல்லும். எவ்வளவு எண்டது இல்லைக் கேள்வி, எந்த வகை எண்டதுதான். எந்தப் பவுடர் டப்பாவில இதை எழுதியிருக்கு?

மற்றது, கூடினாலும் வில்லங்கம். ரீபியில நுரையீரல் ஓட்டையாகிறதில பாதி எங்கட உடம்பு செய்யிற வேலைதான். முருங்கையிலைக் கறியை நல்லாச் சாப்பிடுங்கோ, அது சாப்பாடு.

கேள்வி: காய்ச்சலுக்கு முதல்ல அமொக்ஸிசிலின் தந்தவை, அஞ்சு நாளாயும் விடேல்லை. பிறகு ஆஸ்பத்திரியில இடுப்பில கறுப்புப் பொருக்கு ஒண்டைக் கண்டு உண்ணிக்காய்ச்சல் எண்டு டொக்சிசைக்கிளின் தர ரெண்டு நாளில காய்ச்சல் விட்டுது. முதல் மருந்து ஏன் வேலை செய்யேல்லை? (சாவகச்சேரி)

பதில்: இதுவும் கலத்துக்குள்ள இருக்கிற கிருமிதான், வெளியில வளரவே வளராது. ஒறியென்ரியா எண்டு பேர். பத்தையில இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணிக் குஞ்சு கடிச்சு வாறது, கடிச்ச இடத்தில சிகரெட்டால சுட்ட கணக்கா அந்தப் பொருக்கு வரும், பொருக்கும் நோகாது, அதால அக்குள், கவட்டுப் பக்கம் கிடந்தா நோயாளிக்கே தெரியாது. கலத்துக்குள்ள போன உடன பையைக் கிழிச்சு வெளிய வந்து, கலம் தன்ட சாமானுகளைக் கொண்டு திரியிற நுண்குழாய்ப் பாதையில ஏறி கருவுக்குப் பக்கத்தில போய்ப் பெருகும். அமொக்ஸிசிலின் கலத்துக்குள்ள வடிவாப் போகாது, போனாலும் அது தாக்கிற மாதிரியான சுவர் இந்தக் கிருமிக்கு இல்லையெண்ட அளவுதான். டொக்சிசைக்கிளின் கலத்துக்குள்ள போய் அதின்ட புரதம் செய்யிற இடத்தையே மறிக்கும். எலிக்காய்ச்சல் வேற, குழப்பிக்கொள்ளாதேங்கோ. தோட்டத்துக்கோ பத்தைக்கோ போனனியள் எண்டதை டொக்டர் கேக்க முதலே சொல்லிப்போடுங்கோ.

கேள்வி: கொரோனாவுக்கு ஒரு வருசத்தில ஊசி வந்தது, மலேரியாவுக்கு ஏன் இவ்வளவு காலம்? (வட்டுக்கோட்டை)

பதில்: வந்திட்டுது ஐயா, 2021 இல ஆர்ரிஎஸ்-எஸ், 2023 இல ஆர்21, ரெண்டையும் உலக சுகாதார ஸ்தாபனம் மலேரியா கிடக்கிற இடத்துப் பிள்ளையளுக்கெண்டு சிபாரிசு செய்திருக்கு. ரெண்டும் பிடிக்கப் பாக்கிறது நுளம்பு விட்ட கிருமியை, அது ஈரலுக்குள்ள ஒளிக்க முதல். இரத்தத்துக்குள்ள போனாப் பிறகு ஈரலை அடைய நிமிசக் கணக்குத்தான் எடுக்கும், அதுக்குள்ள பிடிக்கோணும், ஒண்டு ரெண்டு தப்பினாலும் காணும் அதுக்கு. அதாலதான் பாதுகாப்பு முழுசா இல்லை, நாலு தரம் போடவும் வேண்டிக் கிடக்கு.

கேள்வி: நான் அஞ்சு மாசக் கர்ப்பம். வீட்டில ரெண்டு பூனை. பூனையால பிள்ளைக்கு வருத்தம் வரும், உடன கொண்டுபோய் விட்டிட்டு வா எண்டு மாமி நிக்கிறா. எனக்கு மனம் வரேல்லை. (கோண்டாவில்)

பதில்: மாமி சொல்லுறதில அரைவாசி சரி பிள்ளை. மேல சொன்ன ரொக்சோபிளாஸ்மா பூனையின்ட குடலுக்குள்ளதான் முட்டை மாதிரி ஒண்டைச் செய்து மலத்தோட விடுது. உலகத்தில மூண்டில ஒரு பங்கு ஆக்களுக்கு இது எப்பவோ தொத்தி முடிஞ்சுது எண்டு மதிப்பிடுகினம், பெரும்பாலானவைக்கு ஒண்டும் தெரியிறதில்லை. உடம்பு அடக்கி வைக்கும், ஆனா முழுசா அழிக்காது, மூளையிலயும் தசையிலயும் சின்னச் சின்னக் கட்டிகளுக்குள்ள மெல்லமாப் பிரிஞ்சுகொண்டு சாகும்வரைக்கும் கிடக்கும். கட்டிக்குள்ள இருக்கேக்க வெளிய காட்டுற புரதத்தையும் மாத்திப் போடும். எயிட்ஸ் வந்தோ, உறுப்பு மாத்தினதுக்கு மருந்து குடிச்சோ ரீ கலம் குறைஞ்சால் திருப்பி எழும்பி மூளையைத் தாக்கும், அப்பத்தான் இத்தினை காலமும் உடம்பு சும்மா இருக்கேல்லை எண்டு தெரியவரும்.

கர்ப்பத்துக்கு முதலே தொத்தியிருந்தா பிள்ளைக்குப் பெரும்பாலும் பயமில்லை, உங்கட எதிர்ப்பு அதைக் கட்டிலேயே வைச்சிருக்கும். பயம் கர்ப்பத்துக்குள்ள முதல்முதலாத் தொத்தினாத்தான். அதுக்குப் பூனையை விட மண்ணும் வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் கூடக் காரணம். வெங்காயத் தோட்டத்திலயோ பூக்கண்டுக்கோ மண் கிண்டுறதெண்டால் கையுறை போடுங்கோ, இல்லாட்டி இந்தக் கொஞ்ச மாசம் விட்டிடுங்கோ. இறைச்சியை நல்லா வேக விடுங்கோ. கிளினிக்கில மிட்வைப் மிஸ்ஸிட்டயும் ஒருக்காக் கேளுங்கோ, இரத்தப் பரிசோதனை தேவையா எண்டதை டொக்டர் சொல்லுவார்.

பூனை விட்ட மலம் அதே நேரத்தில தொத்தாது, அது முத்திறதுக்கு ஒரு நாளில இருந்து அஞ்சு நாள் வரைக்கும் வேணும். ஒவ்வொரு நாளும் துப்புரவாக்கினா அலுவல் முடிஞ்சுது, ஆனா துப்புரவாக்கிறது நீங்களா இருக்கக் கூடாது, அதை அவரிட்டக் குடுங்கோ. பூனையைச் சந்தையடியில கொண்டுபோய் விடத் தேவையில்லை.